‘ஏன் இப்படிப் பிறந்தது?’ – அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்

பிரசவ வார்டுகளிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளிலும் பணிபுரியும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

உணவுக்குழாய் நடுவில் விட்டுப்போய், அதன் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்ட நிலையில் பிறந்த ஒரு பையனின் அம்மா நான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சப்பாத்தி என்றால் சின்னச் சின்னதாகப் பிய்த்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துத்தான் இறக்குவான். சளி பிடித்தால் இருமல் குரைப்பாக வரும். வகுப்பில் யார் இருமினாலும் அவன் இருமல் தனியாகத் தெரியும் என்று அவன் டீச்சர் சொல்வார். மற்றபடி ஓட்டம், சண்டை, வீட்டுப்பாடத்துக்கு டிமிக்கி எல்லாம் உண்டு. அவனைக் காப்பாற்றியவர்கள் உங்களைப் போன்றவர்கள். அந்த நன்றி என்றைக்கும் குறையாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷனைப் பற்றி எங்களுக்கு அருமையாக விளக்கினார்கள். மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து, எதை எங்கே பிரிப்போம், எதை எதோடு தைப்போம் என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். ‘ஏன் சார் இப்படி ஆச்சு?’ என்று நான் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை. திருப்பி ஒரு கேள்வி வந்தது: ‘சொந்தத்துல கல்யாணமா?’ ‘ஆமா சார், மாமா பையன்’ என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கோப்பில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி அது. ஆனால் அந்தத் தலையாட்டலை வராந்தாவில் நின்றிருந்த எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பல வருஷம் அதுதான் தீர்ப்பாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். ‘கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியாம்மா?’ என்றார் பெரியம்மா. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போனதைச் சொன்னார் நாத்தனார். ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று வந்திருந்தது. ‘அவ தண்ணியா குடிச்சுத் தள்ளினா, வேற என்ன ஆகும்?’ என்று ஒருவர். சத்து மாத்திரை, தடுப்பூசி, பப்பாளி, ராசி, முன்வினை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் இவ்வளவும் வந்து உட்கார்ந்துகொண்டன.

இந்தக் குறைபாடு 2,500 முதல் 4,500 வரையிலான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் இந்தக் கணக்குப்படி ஏறக்குறைய 180 முதல் 360 குடும்பங்கள் வரை வருஷா வருஷம் இதே கேள்வியோடு வார்டு வாசலில் நிற்கும். அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது.

முதலில் தேதி. அது ஒன்றே பாதிப் பழியைக் கழுவிவிடும்.

கரு உண்டான நாலாவது வாரம். கருவின் நீளம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அப்போது தொண்டைப் பகுதியிலிருந்து வயிற்றை நோக்கி ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது, முன்குடல் என்பார்கள். அதன் முன்பக்கச் சுவரில் நுரையீரல் மொட்டு துளிர்க்கிறது. பிறகு அந்த ஒற்றைக் குழாய் நீளவாக்கில் இரண்டாகப் பிரிய வேண்டும். முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். முன்பக்க செல்களில் என்கேஎக்ஸ்2-1 என்ற மரபணு ஓங்கி நிற்கிறது, பின்பக்க செல்களில் சாக்ஸ்2. எந்த செல் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதை பிஎம்பி4, நாகின், சோனிக் ஹெட்ஜ்ஹாக் போன்ற சமிக்ஞைகள் கூடியும் குறைந்தும் முடிவு செய்கின்றன. எல்லைக்கோடு சரியாக விழுந்தால் இரண்டு குழாய்களும் ஒழுங்காகப் பிரிகின்றன. வாழை மட்டையை நீளவாக்கில் கிழிக்கும்போது கோடு ஒருபக்கமாக ஓடிவிடுவதுபோல இங்கேயும் கோடு பின்பக்கம் சாய்ந்துவிட்டால், மேல்பாதி உணவுக்குழாய் அடைபட்ட பையாக நின்றுவிடுகிறது, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு போய்விடுகிறது. இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேர் அளவில் இந்த வகைதான். மீதிப் பேரில் சிலருக்கு இரண்டு முனையும் அடைபட்டிருக்கும். சிலருக்கு உணவுக்குழாய் முழுசாக இருந்தும் மூச்சுக்குழாய்க்கு ஒரு சின்ன வழி திறந்திருக்கும். பால் குடிக்கும்போதெல்லாம் இருமிக்கொண்டு, மாசக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவது இவர்கள்தான்.

இந்தப் பிரிவினை ஆறேழு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கடைசி மாதவிடாய் தேதியிலிருந்து எண்ணுகிற நம் கணக்குக்கு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளலாம். அதாவது நாள் தள்ளிப்போய் ஓரிரு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு மாதக் கணக்கு முடியும்போது எல்லாம் ஆகிவிட்டது. பல பெண்கள் அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர்கூடப் பதிந்திருக்க மாட்டார்கள். நான் பஸ்ஸில் போனது ஏழாம் மாதம். கிரகணம் வந்தது ஐந்தாம் மாதம். என் பையனின் குழாய்கள் அதற்கெல்லாம் எவ்வளவோ முன்னாலேயே பிரிந்தும் பிரியாமலும் முடிந்திருந்தன. இதைச் சொல்ல எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஒரு காலண்டர் போதும். என் மாமியாருக்கு இதைக் காலண்டரில் விரல் வைத்துக் காட்டியபோது உடனே புரிந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படியே. பனிக்குட நீர் கூடுவது காரணம் அல்ல, விளைவு. வயிற்றில் இருக்கும் குழந்தை அந்த நீரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வழி அடைபட்டிருந்தால் விழுங்க முடியாது, நீர் சேர்ந்துவிடுகிறது. தாய் குடித்த தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஸ்கேன் அறையில் யாராவது சொல்லியிருந்தால் நான் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சரி, அந்தக் கோடு ஏன் சாய்ந்தது? மரபணுக் காரணம் தெளிவாகக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். டவுன் சிண்ட்ரோம், 18ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பது, சிஎச்டி7, சாக்ஸ்2, எம்ஒய்சிஎன் மரபணுக்களில் வரும் மாற்றங்கள் போன்றவை அதில் அடங்கும். இவற்றிலும் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையில் புதிதாக நேர்ந்தவை. மற்ற பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. இது ஒன்றும் தெரியாது என்று கையை விரிப்பது ஆகாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட பெரும்பாலும் ஒரு குழந்தைக்கு மட்டும்தான் இந்தக் குறை இருக்கிறது. அதே தாய், அதே வயிறு, அதே சாப்பாடு, மரபணுவும் ஒன்று. அப்படியும் ஒன்றுக்கு வந்து இன்னொன்றுக்கு வரவில்லை என்றால், அந்தச் சில நாட்களில் செல்களுக்கு இடையே நடந்த தற்செயலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றுதான் பொருள். வேறு குறை எதுவும் இல்லாமல் இது மட்டும் வந்த குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். இந்த எண் தெரியாததால் இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றி நேராகவே பேசுங்கள். அது சில நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதை மறைக்கச் சொல்லவில்லை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்தான் வரும் நோய்கள் அவை. குழந்தைக்குக் கட்டைவிரலோ முன்கை எலும்போ இல்லாமல் இருந்து, கூடவே உணவுக்குழாயும் அடைபட்டிருந்தால் ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அங்கே இந்தக் கேள்விக்கு நிஜமான அர்த்தம் இருக்கிறது. ஆனால் உணவுக்குழாய் அடைப்போடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எனவே ‘சொந்தமா?’ என்று கேட்டால் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாதியில் விட்ட கேள்வி எங்கள் ஊர்ப்பக்கம் பஞ்சாயத்து ஆகிவிடுகிறது.

தாயின் உடல்நிலைக்குப் பங்கே இல்லையா என்றால், இரண்டு விஷயங்களில் இருக்கிறது. அவற்றைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தைராய்டு மாத்திரை. இங்கேதான் பெரிய குழப்பம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘தைராய்டு மாத்திரை’ என்று ஒரே பெயர். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல், உடம்புக்குள் போய் மெத்திமசோலாக மாறுகிறது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அதை எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் சிலருக்கு உச்சந்தலையில் தோல் இல்லாமல் இருப்பது, மூக்கின் பின்வழி அடைப்பு, உணவுக்குழாய் அடைப்பு ஆகியவை சேர்ந்து வருவது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் முதல் மூன்று மாதம் புரொபைல்தையோயுராசில் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் சாப்பிடும் தைராக்ஸின் முற்றிலும் வேறு. அதை நிறுத்தவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண், ‘தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாதாமே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தைராக்ஸினை நிறுத்திவிட்டாள். அரைகுறையாகக் காதில் விழுந்த உண்மை இப்படியும் வேலை செய்யும். எந்த மாத்திரை, எப்போது மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்ல வேண்டியது உங்கள் வாய்தான். அதிகச் சுரப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரும் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று சர்க்கரை. கர்ப்பம் ஆவதற்கு முன்பே சர்க்கரை நோய் இருந்து, அது கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால், உணவுக்குழாய் மட்டுமல்ல, முதுகெலும்பு, ஆசனவாய், இதயம், சிறுநீரகம், கை கால் எல்லாவற்றிலும் சேர்ந்து குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து சர்க்கரை பார்க்கிறோம். சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதால் வந்த நல்ல வழக்கம் அது. ஆனால் அந்த குளுக்கோஸ் தண்ணீரைக் கையில் கொடுக்கும்போது குழாய் பிரியும் வேலை பல பெண்களுக்கு முடிந்திருக்கும். ஆறாம் மாதத்தில் புதிதாகத் தெரியவரும் கர்ப்பகாலச் சர்க்கரை இந்தக் குறைக்குக் காரணம் ஆகாது. அதற்கும் பல தாய்மார்கள் பழி சுமக்கிறார்கள். பயன் தரக்கூடிய நேரம் கருத்தரிப்பதற்கு முன்னால்தான். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்குச் சர்க்கரை பார்க்க, தைராய்டு மாத்திரையைப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள்.

புகை, மது, பூச்சிமருந்து, ஹார்மோன் மாத்திரை என்று இன்னும் பலவற்றைச் சந்தேகித்து ஆராய்ந்திருக்கிறார்கள். எதுவும் உறுதியாக நிற்கவில்லை. எலிகளுக்கு அட்ரியாமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சினையின் ஆரம்ப நாட்களில் கொடுத்தால் குட்டிகளுக்கு இதே குறை வருகிறது. அந்த நாட்கள் தாண்டிவிட்டால் அதே மருந்து இதே குறையை உண்டாக்குவதில்லை. காலம்தான் முக்கியம் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஃபோலிக் ஆசிட் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுக்கிறது, எல்லோரும் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் உணவுக்குழாய் அடைப்பைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. ‘மாத்திரையை ஒழுங்காப் போடலையா?’ என்று குழந்தை ஐ.சி.யூ.வில் இருக்கும்போது ஒரு தாயிடம் கேட்காதீர்கள்.

சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1697ல் இங்கிலாந்தில் தாமஸ் கிப்சன் இந்தக் குறையை விவரித்து எழுதினார். அதன் பிறகு 1939 வரை, சுமார் 240 வருஷம், இப்படிப் பிறந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. 1941ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹைட் இரண்டு முனைகளையும் ஒரே ஆபரேஷனில் தைத்து ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றினார். இன்றைக்கு வசதியான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். இங்கே தாமதம்தான் கொல்கிறது. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளைப் பார்த்து 2021ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், குடல், உணவுக்குழாய் போன்ற பிறவிக் குறைகளோடு வந்த குழந்தைகளில் பணக்கார நாடுகளில் இறந்தவர்கள் 5.6 சதவீதம். நடுத்தர வருமான நாடுகளில் 20.4. ஏழை நாடுகளில் 39.8.

என் பையனை மாற்றிப் போட்டது ஒரு செவிலியரின் கை. வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வந்துகொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடி வந்தது. சேனை வைக்க என் சித்தி சர்க்கரைத் தண்ணீரைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் செவிலியர், ‘இருங்கம்மா, வாயில ஒண்ணும் வைக்காதீங்க’ என்று தடுத்துவிட்டு, மெல்லிய ட்யூப் ஒன்றை வாய்வழியாக விட்டுப் பார்த்தார். பத்து சென்டிமீட்டர் அளவில் முட்டி நின்றது. மறுபடி விட்டார், அதே இடம். அதற்குப் பிறகு அவர் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. எக்ஸ்ரேயில் ட்யூப் மேலேயே சுருண்டு கிடந்தது. கீழே வயிற்றில் காற்று தெரிந்ததால் மூச்சுக்குழாயோடு இணைப்பு இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கும். நீர் அதிகம் என்று ஸ்கேனில் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும், நுரை தள்ளும் ஒவ்வொரு குழந்தைக்கும், முதல் பாலுக்கு முன்னால் அந்த ட்யூபை விட்டுப் பாருங்கள். ஸ்கேனில் நீர் அதிகம் என்று தெரிந்தும் அதைப் பிரசவ வார்டுக்கு யாரும் சொல்லாமல் விடுவது இனி நடக்கவே கூடாது.

சுகாதாரத் துறையில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். 2013ல் ஆரம்பித்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் குறைபாடு என்ற தலைப்பில் ஒன்பது இருக்கின்றன. உதட்டுப் பிளவு இருக்கிறது, வளைபாதம் இருக்கிறது, இதயக் குறை இருக்கிறது, உணவுக்குழாய் அடைப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத, சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கிற குறை இது. பெயர் சொல்லிக் கணக்கெடுத்தால்தான் எந்த மாவட்டத்தில் எத்தனை, அந்தத் தாய்மார்கள் முதல் எட்டு வாரத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள், சர்க்கரை எப்படி இருந்தது என்று நம் மண்ணிலேயே காரணம் தேட முடியும். இறந்த குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ட்யூப் விடாமலே போய்விட்ட குழந்தைகள் ‘பால் புரையேறி’ என்ற வரியோடு முடிந்துபோகின்றன.

இந்தக் குழந்தைகளில் பாதிப்பேர் அளவில் இன்னொரு குறையும் சேர்ந்து இருக்கும் என்பதால் இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், முதுகெலும்பு எக்ஸ்ரே எல்லாம் எடுக்கச் சொல்வீர்கள். எடுக்கும்போது எதற்கு என்று சொல்லுங்கள். என் பையனுக்கு ஒவ்வொரு பரிசோதனைக்கும் தூக்கிக்கொண்டு போனபோது, புதிது புதிதாக நோய் முளைக்கிறது என்று நாங்கள் நடுங்கினோம். அதே வாரங்களில் உருவாகும் உறுப்புகள் இவை, அதனால் சேர்த்துப் பார்க்கிறோம் என்று சொன்னால் போதும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். காரணத்தைச் சொல்லும்போது தாயிடம் மட்டும் சொல்லாதீர்கள். பிரசவித்த உடம்போடு, பாலைப் பிழிந்து டம்ளரில் பிடித்துக்கொண்டு, பாதி மயக்கத்தில் இருப்பவள் அவள். நீங்கள் சொன்னதை வீட்டில் அவள் திருப்பிச் சொன்னால் ‘தன்னைக் காப்பாத்திக்கச் சொல்றா’ என்பார்கள். கணவரைக் கூப்பிடுங்கள். மாமியாரை, அம்மாவை, வராந்தாவில் நிற்கும் பெரியவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள். நாலாவது வாரம், ஒரு குழாய் இரண்டாகும் நேரம், இவள் செய்த எதனாலும் அல்ல, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையே தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். டாக்டர் கையெழுத்து இருக்கும் தாளை எங்கள் வீடுகளில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்